கொம்பையா இரண்டாம் முறை சொன்னது

நீதிபதி நல்லபெருமாள் தன் குரு இசக்கியம்மையைத் தேடி வந்தார்.

"நாளைக்கு ஒருத்தனுக்குத் தூக்கு எழுதணும் அம்மா. கை ஓட மாட்டேங்குது."

"என்ன செஞ்சான்?"

"நகை வியாபாரி ஒருத்தரை ரெண்டு பேர் வழிமறிச்சுக் கொன்னுட்டாங்க. கொம்பையா மாட்டிக்கிட்டான். கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தா மன்னிப்புன்னோம். வண்டிக்காரன் சுடலைமுத்துன்னு சொன்னான்."

"சுடலைமுத்து என்ன சொல்றான்?"

"வீட்ல தூங்கினேங்கிறான்."

"கொம்பையாவை எதை வச்சு நம்புற?"

"கத்தி அவன் சொன்ன கிணத்துல இருந்தது. நகை அவன் சொன்ன பாறைக்கு அடியில இருந்தது. ஒரு சொல் பிசகல."

"நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. சுடலைமுத்துவின் மனைவி பேச்சி, கணவனையே பார்த்தபடி நின்றாள். கொம்பையா மீசையைத் தடவிக்கொண்டு நடந்ததைச் சொல்லி முடித்தான்.

"நேர்ல பார்த்த மாதிரி சொல்றியே!" என்றார் இசக்கியம்மை.

"நேர்ல நின்னவன்லா தாயி!"

"இன்னொரு தரம் சொல்லு. சுடலைமுத்துவை எடுத்துட்டு, அந்த இடத்துல நீதிபதியை வச்சுச் சொல்லு பாப்போம்."

கொம்பையா பல்லைக் காட்டினான். கேட்க ஆள் கிடைத்துவிட்டால் அவனுக்கு வேறெதுவும் வேண்டாம்.

"நானும் நீதிபதி ஐயாவும் புளியந்தோப்புல பதுங்கினோம். வியாபாரி வந்தாரு. ஐயா காலை அமுக்கிக்கிட்டாக. நான் குத்தினேன். கத்தியைக் கிணத்துல போட்டோம். நகைப் பையை ஐயாதான் பாறைக்கு அடியில தள்ளுனாக. பாவம், மூச்சு வாங்குச்சு அவுகளுக்கு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நல்லபெருமாளுக்கு மட்டும் வியர்த்தது.

"இந்தக் கதையிலயும் கத்தி கிணத்துலதானே இருக்கு?" என்று நல்லபெருமாளிடம் கேட்டார் இசக்கியம்மை.

"ஆமா அம்மா."

"நகை?"

"பாறைக்கு அடியிலதான்."

"அப்ப கூட்டாளின்னு உன்னைத்தானே பிடிக்கணும்?"

நல்லபெருமாள் காவலர் பக்கம் திரும்பினார்.

"சுடலைமுத்துவை அந்தத் தோப்புல பார்த்தவங்க யாராவது உண்டா?"

"இல்லீங்க ஐயா."

"அவன்கிட்ட எதையாவது எடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"இந்தக் கொம்பையாவோட பேச்சு தவிர?"

காவலர் தலையைக் குனிந்தார்.

"சுடலைமுத்துவோட விலங்கை அவிழ்த்துவிடுங்க."

கூரை அதிரும்படி குரல் எழுந்தது. கொம்பையா மீசையிலிருந்து கையை எடுத்தான். பேச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து கணவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "வீட்டுக்கு வாரும்வே! சோறு ஆக்கக்கூட மனசில்லாமக் கிடந்தேன்!" வண்டிக்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். எங்கிருந்தோ மேளமும் வந்து சேர்ந்துகொண்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே நல்லபெருமாள் குருவின் அருகில் குனிந்தார்.

"சுடலைமுத்து கொல்லலைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எனக்குத் தெரியாதே."

நல்லபெருமாள் திகைத்தார். "தெரியாமலா விடவச்சீங்க?"

இசக்கியம்மை ஊர்வலத்தைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார்:

"நீ மட்டும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் தூக்குல போட இருந்தியா?"