முற்றுப்புள்ளி இடம் மாறிய கடிதம்

முன்பொரு நாள், ஒரு துறைமுகத்தில் ஜெசிந்தா என்ற கிரேன் ஓட்டுநர் பாதி வேலையில் கிரேனை நிறுத்திவிட்டாள். சரக்கு ஏறாமல் கப்பல் தாமதமானது. மறுநாள் காலைக்குள் ஆங்கிலத்தில் விளக்கக் கடிதம் தராவிட்டால் வேலை போய்விடும் என்றார்கள்.

அவள் அலுவலக மேசையில் உட்கார்ந்து எழுதினாள். ‘நான் கிரேனை நிறுத்தினேன்’ என்று எழுதி ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள். அதற்குப் பிறகு, ‘ஏனென்றால் இரும்புக் கயிறு நைந்திருந்தது’ என்று எழுதினாள்.

முதலில் பிறந்த வாக்கியத்துக்குத் தலைக்கனம் தாங்கவில்லை. அதன் பெயர் தனிவாக்கியம்.

“எனக்கு யார் துணையும் வேண்டாம். என்னோடு பேச்சு முடிந்தது” என்றது.

பின்னால் நின்றது சார்புவாக்கியம். “எனக்கும் உன்னைப் போல எழுவாய், பயனிலை எல்லாம் இருக்கிறது. தலையில் ‘ஏனென்றால்’ ஏறிவிட்டதால் தனியாக நிற்க முடியவில்லை. கொஞ்சம் தோள் கொடேன்” என்றது.

“ஒட்டிக்கொள்ள வேறு ஆளைப் பார்.”

அப்போது எழுத்தர் சிவகுருநாதன் வந்தார். “எழுதியாச்சாம்மா? மொத முற்றுப்புள்ளி வரைக்கும்தான் நான் நோட்டுல எழுதுவேன். மேனேஜர் அத மட்டுந்தான் படிப்பாரு. இங்க அதான் வழக்கம்.”

சார்புவாக்கியம் தனிவாக்கியத்தின் பக்கம் திரும்பியது.

“நீ மட்டும் நோட்டுக்குப் போனால் என்ன ஆகும், யோசித்தாயா?” என்றது சார்புவாக்கியம். “திமிரில் நிறுத்தினாள் என்று படிப்பார்கள். கயிற்றுக்குக் கீழே எட்டுப் பேர் நின்றது யாருக்குத் தெரியும்?”

“நான் பொய் சொல்லவில்லையே.”

“இல்லை. ஆனால் உன்னால் அவள் வேலை இழந்து வீட்டுக்குப் போவாள்.”

தனிவாக்கியம் வெட்கப்பட்டது. கெட்டிக்காரத்தனம் இருந்த அளவுக்கு அதற்கு மனசும் இருந்தது. “நீ முன்னால் போ. நான் பின்னால் வருகிறேன்” என்றது.

ஜெசிந்தாவும் இரண்டு வரிகளையும் திரும்பப் படித்துப் பார்த்து, புதுத் தாள் எடுத்தாள். இந்த முறை காரணத்தை முன்னால் வைத்தாள். உடனே காற்புள்ளி ஓடிவந்தது. “காரணம் முன்னால் வந்தால் நடுவில் நான் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பீர்கள்” என்று இடம் பிடித்துக்கொண்டது.

சிவகுருநாதன் எட்டிப் பார்த்தார். “கடைசியில ‘மன்னிக்கவும்’னு ஒரு வார்த்தை சேத்துக்கம்மா. சோலி முடிஞ்சிரும்.”

“தப்பு செஞ்சிருந்தா நீங்க சொல்லாமலே எழுதியிருப்பேன் அண்ணாச்சி.”

மன்னிப்புக்கு அவர் காட்டிய இடத்தில் அவள் வேறொன்றை எழுதினாள்: ‘இனியும் நிறுத்துவேன்.’

இதுவும் தனிவாக்கியம்தான், முதல் தனிவாக்கியத்துக்குச் சற்றும் குறையாத கர்வி. இருவரும் முறைத்துக்கொண்டார்கள். காற்புள்ளி கையை விரித்தது. “சரிக்குச் சரியான இந்த இரண்டு பேரையும் பிடித்து வைக்க என் ஒருத்தனால் ஆகாது.”

அரைப்புள்ளி நிதானமாக நடுவில் வந்து நின்றது. “யாரும் யாருக்கும் தலை குனிய வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் போதும்” என்றது. முற்றுப்புள்ளி எல்லாரையும் தாண்டிக் கடைசிக்குப் போய் உட்கார்ந்தது.

இப்போது வழக்கப்படி சிவகுருநாதன் முழுவதையும் நோட்டில் எழுதவேண்டியதாயிற்று: ‘இரும்புக் கயிறு நைந்திருந்ததால், நான் கிரேனை நிறுத்தினேன்; இனியும் நிறுத்துவேன்.’

எழுதும்போது அவர் கை தயங்கியது. ஜெசிந்தா தயங்கவில்லை. பள்ளியில் பரிசு வாங்கிய நாளில்கூட அவளுக்கு இத்தனை பெருமை இருந்ததில்லை. வாக்கியங்களும் அப்படித்தான் நிமிர்ந்து நின்றன, சார்புவாக்கியம் எல்லாருக்கும் முன்னால்.

மதியம் நோட்டு திரும்பி வந்தது. மேனேஜர் அவளைப் பற்றி எதுவும் எழுதவில்லை. கீழே ஒரே ஒரு வரி இருந்தது.

‘கயிற்றை மாற்றும்வரை அந்தக் கிரேனை யாரும் தொடக்கூடாது.’