மச்சான் பாறை

அந்தக் காலத்தில் மீனும் நண்டும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்தன. அப்போது நண்டின் கண்கள் ஓட்டோடு ஓடாகப் பதிந்திருக்கும், நடையும் நம்மைப் போல நேர்நடைதான். ஆள் மட்டும் அரிசி புடைக்கிற சுளகு அகலம். ஆனால் நுரையைக் கண்டாலே வளைக்குள் ஓடிவிடுவான், அதனால் ஊரில் அவனுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர்.

ஊதுகரை ஆண்கள் கடலில் மூழ்கிச் சங்கெடுப்பவர்கள். இடுப்பில் கயிறு கட்டி இறங்குகிறவனுக்கு மேலே நின்று கயிறு பிடிப்பது அவன் மனைவியின் உடன்பிறந்தான்தான், வேறு எவனும் தொடக்கூடாது. தங்கை தாலி அறுக்க எந்த அண்ணன் விடுவான்? மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். கடலில் இறங்க அதைவிட வேண்டும்.

இசக்கிக்கு உடன்பிறந்தான் இல்லை. அவள் புருஷன் சுடலைக்கு ஊரிலேயே நீளமான மூச்சு, இருந்தும் கயிறு பிடிக்க ஆளில்லை. மற்றவர் எடுத்த சங்கைக் கழுவிக் காயவைப்பதுதான் அவன் பிழைப்பு. ஒருநாள் தெற்குப் பாறையில் மீன் அரிந்துகொண்டிருந்த இசக்கி அதை நினைத்து அழுதுவிட்டாள். அவள் தினமும் போடும் மீன்தலையைத் தின்று வளர்ந்த நண்டு வளையிலிருந்து வெளியே வந்தான்.

"கூடப்பொறந்தவன் இல்லைன்னு ஏன் அழுத? நான் இருக்கேம்லா தங்கச்சி" என்றான்.

இதைக் கேள்விப்பட்ட ஊர்த் தலைவர் ஆனைக்குட்டி வயிறு குலுங்கச் சிரித்தார். நுரையைப் பார்த்து ஓடுகிறவன் கயிறு பிடித்தால் விளங்கினாற்போலத்தான் என்றார். சுடலை இடுப்பில் கயிறு கட்டி, அதன் நுனியை நண்டின் கொடுக்கில் கொடுத்துவிட்டுக் குதித்தான்.

அவன் அடியில் இருக்கும்போதே காற்று திரும்பியது. பனை உயரத்துக்கு ஓர் அலை எழுந்து வந்தது. கரையில் நின்றவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். நண்டின் வளை பக்கத்தில்தான் இருந்தது, ஓடியிருந்தால் ஒரு நொடியில் உள்ளே போயிருக்கலாம். அவன் ஓடவில்லை. அலை அவனை மூடியது, கண்ணை நுரை மறைத்தது. கயிறு அசைகிறதா என்று பார்க்க உன்னினான், இன்னும் உன்னினான். கண்கள் இரண்டும் ஓட்டை விட்டுக் கிளம்பி நுரைக்கு மேலே நிமிர்ந்தன. கயிறு மூன்று முறை வெட்டி இழுத்தது. தூக்கச் சொல்லும் அடையாளம் அது. கடலை விட்டு முகத்தைத் திருப்பினால் கயிறு கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் முகம் கடலைப் பார்க்க, பக்கவாட்டிலேயே கால் வைத்துக் கால் வைத்து இழுத்தான். கயிறு பாறையை அறுத்துக்கொண்டு ஏறியது.

சுடலை மேலே வந்து விழுந்து மூச்சு வாங்கினான். இசக்கி அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு நண்டை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். ஆனைக்குட்டி மேட்டிலிருந்து இறங்கி வந்து, தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, "மச்சான்" என்று நண்டைக் கும்பிட்டார்.

இன்று அந்தப் பாறையைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஜனம் வருகிறது. கயிறு அறுத்த தடத்தில் விரலை ஓட்டிப் பார்க்கிறார்கள், நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நண்டு இப்போது உள்ளங்கையளவுதான், இசக்கி போட்ட மீன்தலை இப்போது கிடைப்பதில்லையோ என்னவோ. ஆனாலும் அங்கே ஒரு நண்டைப் பிடித்துப் பாருங்கள், ஊரே திரண்டு வந்து எங்கள் மச்சானை விடு என்று சண்டைக்கு நிற்கும்.

அன்று முதல்தான் நண்டுக்குக் கண் வெளியே நிற்கிறது, நடை பக்கவாட்டில் போகிறது. ஊதுகரையில் பிறந்த எந்தப் பெண்ணும் எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை என்று சொல்வதும் இல்லை.