குருவி எச்சில் தின்ற ராஜா

கதை கேட்க வந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பெரியவர்களும்தான். வெகு காலத்துக்கு முன்னால், கிழக்குக் கடலின் நடுவே, கப்பல்கள் காற்றுக்காகக் காத்துக் கிடக்கும் தீவு ஒன்றில், பொன்முகராயன் என்று ஒரு ராஜா இருந்தான்.

அவனுக்கு நாட்டைப் பற்றிக் கவலை இல்லை. முகத்தைப் பற்றித்தான் கவலை. காலையில் கண்ணாடி, மதியம் கண்ணாடி, சாயங்காலம் கண்ணாடி. கண்ணோரம் ஒரு சுருக்கம் தெரிந்துவிட்டால் அன்றைக்கு அரண்மனையில் யாருக்கும் சோறு இறங்காது.

அந்த ராஜா ஒரு வழக்கம் வைத்திருந்தான். அதற்கு எச்சிற்பிடி என்று பெயர். அவனிடம் வேலைக்குச் சேருகிறவன் யாராக இருந்தாலும், ராஜா தின்று மிச்சம் வைத்த இலையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் தின்ன வேண்டும். தின்றுவிட்டு மூன்று சொல் சொல்ல வேண்டும். "தின்றேன். பணிந்தேன். மறுக்கேன்." அதற்குப் பிறகு ராஜா ஏறு என்றால் ஏற வேண்டும், இறங்கு என்றால் இறங்க வேண்டும், செத்துப்போ என்றால் சாக வேண்டும்.

"ஒருவன் எச்சிலைத் தின்றவன் அவனுக்கு அடிமை. இது என் சட்டம்" என்பான் ராஜா. "இந்த நாட்டில் எவன் எச்சிலையும் தின்னாத வாய் என் வாய் ஒன்றுதான்" என்று மீசையை வேறு தடவிக்கொள்வான்.

ஒரு வருஷம் சீன தேசத்துக் கப்பல் ஒன்று புயலில் அடிபட்டு அந்தத் தீவில் ஒதுங்கியது. அதில் லியாங் என்று ஒரு சமையற்காரர் இருந்தார். ராஜா அவரை அரண்மனைக்கு அழைத்து இலையைக் காட்டினான். லியாங் இலையைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார்.

"கப்பல் சரியாகும் வரை சமைத்துப் போடுகிறேன். இந்த இலையில் மட்டும் கை வைக்க மாட்டேன்" என்றார்.

கைப்பக்குவம் பிரமாதமாக இருந்ததால் ராஜா அதைப் பொறுத்துக்கொண்டான். சாப்பிட்டுவிட்டுக் கேட்டான்: "உங்கள் நாட்டில் முகம் மினுமினுப்பாக இருக்க என்ன சாப்பிடுகிறார்கள்?"

"குகையில் இருக்கும் ஒரு குருவியின் கூட்டைச் சாப்பிடுவார்கள்" என்றார் லியாங். "தண்ணீரில் ஊறப்போட்டு, ஒட்டியிருக்கும் இறகையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, கற்கண்டு சேர்த்து, கொதிக்கிற பானைக்குள் மூடிய கிண்ணத்தை வைத்து மெதுவாக வேக வைக்க வேண்டும். பெண்கள் முக அழகுக்குச் சாப்பிடுவார்கள். கிழவர்கள் நெஞ்சுச் சளிக்குச் சாப்பிடுவார்கள். பிள்ளை பெற்றவர்கள் உடம்பு தேறச் சாப்பிடுவார்கள். பலித்ததா இல்லையா என்பதைச் சாப்பிட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்."

"கூட்டையா? அது எதனால் ஆனது?"

லியாங் வாயைத் திறப்பதற்குள் அவைப் புலவர் முந்திக்கொண்டார். "கடல் நுரை, மகாராஜா! அலையின்மேல் பூக்கும் வெண்ணுரையைக் குருவிகள் அள்ளிக்கொண்டு போய்க் கட்டுகின்றன!"

புலவர் அந்தக் குகைப் பக்கம் போனதே இல்லை. ஆனாலும் நீளமாக ஒரு பாட்டுப் பாடினார். பாட்டு ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. ராஜாவுக்குப் பிடித்துப்போன பொய்யை அரண்மனையில் யார் திருத்துவார்கள்?

இனிமேல் குருவியைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் உழவாரன் குருவி. சிறகை விரித்தால் அரிவாள் மாதிரி இருக்கும். கால் மட்டும் சூம்பிப்போன கால். தரையில் நடக்க முடியாது, கிளையில் உட்கார முடியாது. அதனால் அது மண்ணும் எடுக்காது, குச்சியும் பொறுக்காது. தன் வாயில் ஊறும் எச்சிலை நூல் நூலாக இழுத்து, குகைப் பாறையில் ஒட்டி, காயவிட்டு, மறுபடி ஒட்டி, தொட்டில் மாதிரி ஒரு கூடு கட்டும். யாரிடமும் ஒரு துரும்பு கடன் வாங்காத கூடு அது.

கடலோரக் குகையில் அப்படி ஒரு தாய்க்குருவி வெள்ளைவெளேரென்று ஒரு கூடு கட்டியது. ராஜாவின் ஆள் ஒருவன் மூங்கில் ஏணியும் பிரம்புக் கயிறும் கொண்டு வந்து, குருவி இரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதைப் பிய்த்துக்கொண்டு போனான். எந்நேரமும் கயிற்றில் தொங்குகிறவன் என்பதால் அவனுக்குத் தொங்கன் என்றே பெயர்.

குருவி இரண்டாவது கூடு கட்டியது. எச்சில் போதாமல் தன் இறகையும் சேர்த்துக் கட்டியது. அதில் ஒரு முட்டையும் இட்டது. தொங்கன் மறுபடி வந்தான். "முட்டை இருக்கிறது, முட்டை இருக்கிறது" என்று குருவி அவன் தலையைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு பிய்த்தான். முட்டை பாறையில் விழுந்து உடைந்தது.

குருவி மூன்றாவது கூடு கட்டியது. இப்போது வாயில் எச்சில் ஊறவில்லை. ஊறாத வாயைக் கசக்கிக் கசக்கிப் பிழிந்ததில் எச்சிலோடு ரத்தமும் வந்தது. கூடு செம்மண் நிறத்தில் இருந்தது. அதில் இரண்டு முட்டை இட்டது.

சிவப்புக் கூடு என்று ஒன்று இருக்கிறது என்று யாரோ ராஜா காதில் போட்டார்கள். "வெள்ளைக் கூட்டுக்கே கன்னம் இப்படி மினுமினுக்கிறதே, சிவப்புக் கூடு என்றால்!" என்று அவன் துள்ளினான். மூன்றாவது தடவையாகத் தொங்கனுக்கு உத்தரவு போனது.

தொங்கன் குகைக்கு வந்து கயிற்றை அவிழ்த்தான். இந்தத் தடவை குருவி கத்தவில்லை. அவன் முகத்துக்கு நேராகப் பாறையில் ஒட்டிக்கொண்டது.

"வந்துவிட்டாயா தொங்கா? உனக்கு வீட்டில் பிள்ளை குட்டி கிடையாதா?"

"இருக்கிறது ஆத்தா. அதனால்தான் வந்திருக்கிறேன்."

"உன் பிள்ளைக்குப் பசி என்றால் சொல், பேசிப் பார்க்கலாம். எவனோ ஒருவன் மூஞ்சி மினுக்க என் பிள்ளையைக் கொல்வாயா?"

"என்னைத் திட்டி என்ன பிரயோஜனம்? நான் ராஜா எச்சிலைத் தின்றவன். தின்றேன், பணிந்தேன், மறுக்கேன் என்று சொல்லியாயிற்று. ஒருவன் எச்சிலைத் தின்றவன் அவனுக்கு அடிமையாம். சட்டம் அப்படி."

குருவி குகை எதிரொலிக்கும்படி சிரித்தது.

"தொங்கா, இந்தக் கூடு எதனால் ஆனது?"

"கடல் நுரை என்கிறார்கள்."

"என்கிறார்களா! மூக்கு இடிக்கிற தூரத்தில் வந்து தொங்குகிறாயே, நீ பார்த்ததில்லையா?"

"பார்த்திருக்கிறேன் ஆத்தா. புலவர் பாடி முடித்த பிறகு நான் பார்த்ததை எவன் கேட்கப் போகிறான்?"

"அப்படியானால் ஒன்று செய். உன் கயிற்றில் ஏதோ ஒரு முடிச்சு சரியில்லை."

தொங்கன் கயிற்றைப் பார்த்தான். முடிச்சுகள் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. "ஆமாம், சரியில்லைதான்" என்றான். "வேறு பிரம்பு வாங்க அரண்மனைக்குப் போக வேண்டும்."

முட்டைகளை ஆண்குருவியிடம் விட்டுவிட்டுத் தாய்க்குருவி பறந்தது. அதற்குக் கீழே தொங்கன் ஓடினான்.

அரண்மனையில் சாப்பாட்டு வேளை. சபை நிறைந்திருந்தது. ராஜா கிண்ணத்தை வைத்துக்கொண்டு கூட்டுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தான். குருவி நேராக உள்ளே வந்து, சிம்மாசனத்துக் குடையைப் பற்றிக்கொண்டு அவன் தலைக்கு மேலே தொங்கியது.

"யாரடா அது?" என்றான் ராஜா.

"நான்தான் ராஜா. உன் எஜமானி."

சபையில் இரண்டு பேர் சிரித்துவிட்டு, சிரித்தது தாங்கள் இல்லை என்பதுபோலப் பக்கத்தில் பார்த்தார்கள்.

"உன் கிண்ணத்தில் இருப்பது என்ன?" என்று கேட்டது குருவி.

"கடல் நுரை."

"சமையற்காரரே, நீங்கள் சொல்லுங்கள்."

லியாங் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அது இந்தக் குருவியின் எச்சில். எங்களுக்கு அதில் அருவருப்பு ஒன்றும் கிடையாது. ஒரு தாயின் வாயில் ஊறியது என்று மதித்துத்தான் குடிக்கிறோம். குஞ்சு பறந்த பிறகுதான் கூட்டை எடுக்க வேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அன்றைக்கே இதையெல்லாம் சொல்லியிருப்பேன். உங்கள் புலவர்தான் பாட ஆரம்பித்துவிட்டார்."

ராஜாவின் வாய்க்குப் போன கரண்டி பாதியில் நின்றது. புலவர் சால்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

"என் எச்சிலைத் தின்றாய்" என்றது குருவி. "ஒரு பிடி இல்லை, கிண்ணம் கிண்ணமாகத் தின்றாய். எல்லார் கண்ணுக்கும் முன்னால் தின்றாய். மூன்று சொல் மட்டும்தான் பாக்கி. அதையும் சொல்லிவிடு. எனக்கு வேலை இருக்கிறது."

ராஜாவின் மினுமினுத்த முகம் கறுத்தது. "சட்டம் மனிதனுக்குத்தான். பறவைக்கும் மிருகத்துக்கும் கிடையாது!"

வாசலில் நின்ற யானைப்பாகன் தொண்டையைச் செருமினான். "பட்டத்து யானைக்கு நீங்கள் கடித்துப் போட்ட வெல்லத்தைத்தானே கொடுத்தோம், மகாராஜா? அது தும்பிக்கையைத் தூக்கினதும் பணிந்துவிட்டது என்று நீங்களே சொன்னீர்களே?"

"வாயை மூடு! சேனாதிபதி, அந்தக் குருவியைப் பிடியும்!"

சேனாதிபதி ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை யோசித்துவிட்டுக் கீழே வைத்தார். சட்டம் சரி என்றால் ராஜா குருவிக்கு அடிமை. அடிமையின் பேச்சைக் கேட்டு எஜமானியைப் பிடிக்க முடியுமா? சட்டம் தப்பு என்றால் அவரே ராஜாவுக்கு அடிமை இல்லை. பிறகு எதற்குப் பிடிக்க வேண்டும்? அவர் எப்படி யோசித்தாலும் கால் நகரவில்லை. காவற்காரர்களும் நகரவில்லை. பரிமாறுகிறவர்களும் நகரவில்லை.

"இரண்டில் ஒன்று, ராஜா" என்றது குருவி. "சட்டம் இருக்கிறது என்றால் என் முன்னால் பணி. பணிய மாட்டேன் என்றால் சட்டம் இல்லை என்று சொல்."

ராஜா சபையைப் பார்த்தான். இத்தனை பேருக்கு முன்னால் ஒரு குருவிக்குப் பணிந்தேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. யோசிக்காமல் கத்தினான்.

"சட்டம் ரத்து! எச்சிற்பிடி ரத்து! போதுமா?"

கத்திவிட்டுத் தப்பித்துவிட்டதாக நினைத்து மூச்சு விட்டான். தூண் ஓரம் நின்ற தொங்கன் மேல் அவன் கண் விழுந்தது. "டேய் தொங்கா! இப்போதே போ. சிவப்புக் கூட்டைக் கொண்டு வா. அப்படியே இந்தக் குருவியின் கழுத்தையும் கொண்டு வா!"

தொங்கன் நகரவில்லை.

"எந்தச் சட்டப்படி, ராஜா?" என்றான்.

யானைப்பாகன்தான் முதலில் சிரித்தான். பிறகு சமையற்கட்டுக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு காவற்காரர்கள் ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தொங்கன் தோளில் கிடந்த பிரம்புக் கயிற்றை எடுத்து ராஜாவின் காலடியில் போட்டுவிட்டு, வந்த வாசல் வழியாகவே வீட்டுக்குப் போனான். அன்றைக்குப் பாதிப் பேர் அப்படிப் போனார்கள். நின்றவர்கள் கூலிக்கு நின்றார்கள். எச்சிலுக்கு ஒருவனும் நிற்கவில்லை.

ராஜா அதோடு விட்டானா? கூட்டுக் கஞ்சி இல்லாமல் அவன் கன்னம் தொங்க ஆரம்பித்தது. எச்சில் என்று தெரிந்த பிறகும் ஆசை போகவில்லை. முதலில் ஒரு தங்கக் கூண்டை அனுப்பினான். "இதில் நீயே வந்து உட்கார்ந்துகொள்" என்று குருவி திருப்பி அனுப்பியது. அடுத்தபடியாக ராஜமாதா என்று பட்டம் கொடுத்து அனுப்பினான். "நான் பெற்றதில் உன்னைப்போல ஒன்றும் இல்லை" என்று அதையும் திருப்பி அனுப்பியது. மூன்றாவதாக அவனே குகை வாசலுக்கு நடந்து வந்தான். செருப்பைக் கழற்றினான், கையைக் கூப்பினான்.

"தாயே, நடந்தது நடந்துவிட்டது. மன்னித்துவிடு" என்றான். கை குருவியைக் கும்பிட்டது. கண் மட்டும் கூட்டின் மேல் இருந்தது.

"ஒரு முட்டை உடைந்ததே, அது எந்தப் பாறையில் விழுந்தது என்று தெரியுமா உனக்கு?" என்று கேட்டது குருவி.

"பழசை மறந்துவிடலாமே, தாயே."

"உடைத்தவன் மறப்பான். அடைகாத்தவள் எப்படி மறப்பாள்? மன்னிப்பும் கிடையாது, கூடும் கிடையாது. போய்க் கண்ணாடியைப் பார்."

குருவி மனம் இளகி மன்னித்தது என்று வேறு யாராவது இந்தக் கதையை உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். அது மன்னிக்கவே இல்லை. மன்னிக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

ராஜா போகாமல் வாசலிலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் சிவப்புக் கூட்டின் விளிம்பில் இரண்டு குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. ஒன்று சிறகை விரித்துப் பாய்ந்தது. பின்னாலேயே இன்னொன்றும் பாய்ந்தது. இரண்டும் ராஜாவின் தலைக்கு மேலே கடலைப் பார்த்துப் பறந்தன. பறக்கிற போக்கில், அவன் அத்தனை காலம் பொத்திப் பொத்தி வளர்த்த முகத்தின் நடுவே சொத்தென்று ஒன்று விழுந்தது.

எச்சில் கேட்டு வந்தவனுக்கு எச்சம் கிடைத்தது.

பிள்ளைகளே, பெரியவர்களே, கதை சொல்லும் நீதி இதுதான்: உன் உழைப்பைத் தின்று உடம்பு வளர்க்கிறவன் எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தாலும், அவன் முன்னால் நீ தலை குனியாதே.