பரசு ஓட்டின லாரி

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறை. சனிக்கிழமை காலையில் ஷமீமா டீச்சர் அங்கே எங்களுக்கு வகுப்பு எடுப்பார். ராணுவ லாரி, டேங்க், ஜீப் எல்லாம் உள்ளங்கை நீளத்துக்குப் பிளாஸ்டிக் துண்டுகளால் ஒட்டிச் செய்து, பெயிண்ட் அடித்து, அதன்மேல் துருவும் சேறும் வரைந்து பழசாக்குவோம். வேலையற்ற வேலை என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

டீச்சருக்கு முப்பது வயதுதான். முனிரத்தினம் ஐயாவுக்கு அறுபத்தாறு. லாரி பாடிக்குப் பெயிண்ட் அடித்தே காலத்தை ஓட்டியவர். அவர் மகன் பரசு ராணுவத்தில் லாரி ஓட்டினான். போன வருஷம் மலைப்பாதையில் லாரி பள்ளத்தில் உருண்டு செத்துப்போனான். வருகிற புதன்கிழமை வருஷத் திதி. அவன் ஓட்டின லாரியை அவன் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். அதற்காகத்தான் ஐயா எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது டீச்சர். பாருங்க."

நாங்கள் அசந்துபோனோம். மூலை முடுக்கெல்லாம் துரு, அழுக்கு. அப்படி ஒரு கை அவருக்கு.

டீச்சர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாருக்கு ஐயா. ஆனா இதை யாரும் ஓட்டல."

"என்ன டீச்சர் சொல்றீங்க?"

"எல்லா இடமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. கை படுற இடம், கால் படுற இடம்தான் ஜாஸ்தி தேயும். பரசு எந்தக் காலை முதல்ல படியில வைப்பார்?"

ஐயா யோசித்தார். "தெரியல."

"இறங்கினா கதவைக் கையால சாத்துவாரா, இடுப்பால இடிச்சுத் தள்ளுவாரா?"

"தெரியல டீச்சர்."

"போன்ல பேசும்போது வண்டியைப் பத்தி ஏதாவது சொல்லியிருப்பாரே."

"போன் வந்தா அவங்கம்மாகிட்ட குடுத்துடுவேன்," என்றார் ஐயா. "சொல்லாம கொள்ளாம பட்டாளத்துல சேர்ந்துட்டான்னு கோவம். ஏழு வருஷம் பேசல. லீவுல வந்தா நான் பட்டறையிலயே படுத்துப்பேன்."

"கூட ஓட்டினவங்களைக் கேக்கலாமா?"

"வண்டியில நாலு பேர். நாலு பேரும் போயிட்டாங்க."

நாங்கள் யாரும் பிரஷ்ஷைத் தொடவில்லை. பாழாய்ப்போன வீம்பு. அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது.

"நீங்களே குத்துமதிப்பா தேய்ச்சுக் குடுங்க டீச்சர்," என்றார் ஐயா. "யாருக்குத் தெரியப்போகுது?"

டீச்சர் பஞ்சைத் தின்னரில் நனைத்தார். டிரைவர் கதவு, ஏறுகிற படி, ஸ்டியரிங். அங்கெல்லாம் இருந்த துருவையும் அழுக்கையும் மெதுவாகத் துடைத்து எடுத்தார். அடியில் இருந்த பச்சை பளிச்சென்று தெரிந்தது. லாரியை ஐயா முன்னால் வைத்தார்.

ஐயா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதைக் கொண்டுபோய் அவன் முன்னால எப்படிம்மா வைப்பேன்? கதவும் படியும் புத்தம் புதுசா இருக்கே. அவன் ஏறவே ஏறாத மாதிரி."

"நீங்க பார்த்த வரைக்கும் ஏறல ஐயா," என்றார் டீச்சர்.