கிணற்றில் பாடிய செம்போத்து

குளக்கரையில் ஒரு பாட்டுக்குழு இருந்தது. சில்வண்டு சுருதி கொடுக்கும். மரங்கொத்தி தாளம் போடும். பாடிவந்த குயில் வேறு காட்டுக்குப் போய்விட்டது. முதல் மழை விழாவுக்கு இன்னும் பத்தே நாள்!

மரங்கொத்தி, செங்கண்ணன் என்ற செம்போத்தைத் தேடிப் போனது.

"அண்ணே, நீங்க பாடுங்க! நல்லா அமைஞ்சா குழுவில் நிரந்தர இடம். நாவல் மரத்து மேல்கிளையும் உங்களுக்குத்தான்!"

முள்வேலியில் குடியிருந்து அலுத்துப்போன செங்கண்ணன் உடனே ஒப்புக்கொண்டது.

"அப்போ நாளைக்கு ஒத்திகைக்கு வந்துடுங்க."

"ஒத்திகையா? அதெல்லாம் பாடத் தெரியாதவங்களுக்கு!"

மறுநாள் செங்கண்ணன் பாழுங்கிணற்றுக்குள் இறங்கியது. "மழையே வா!" என்று பாடியது. "மழையே வா!" என்றது கிணறு. அந்தக் குரல் இடிபோல உருண்டு வந்தது. செங்கண்ணனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"பிரமாதம்!" என்று தன்னையே பாராட்டிக்கொண்டது.

"பிரமாதம்!" என்று கிணறும் ஒத்துக்கொண்டது.

மனைவி செம்பி மேலேயிருந்து எட்டிப் பார்த்தது. "ஏங்க, கிணறு நீங்க சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லுது. ஒருநாளாவது ஒத்திகைக்குப் போங்களேன்."

"சங்கீதத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நீ போய், அவர் தொண்டையைப் பத்திரப்படுத்துறார்னு சொல்லிட்டு வா!"

செம்பி போய்ச் சொன்னது. வந்ததுதான் வந்தோம் என்று ஒத்திகை முடியும்வரை உட்கார்ந்து கேட்டது. பத்து நாளும் இப்படியே போனது. செங்கண்ணன் ஒரு வரி பாடும். கிணறு திருப்பிப் பாடும்வரை கண்ணை மூடிக் காத்திருக்கும். பிறகுதான் அடுத்த வரி.

விழா நாள் வந்தது. தவளை, முயல், மான் எல்லாம் கூடின. சுருதி எழுந்தது. தாளம் தொடங்கியது.

"மழையே வா!" என்று பாடிவிட்டு, செங்கண்ணன் கண்ணை மூடிக் காத்திருந்தது.

எந்தக் குரலும் வரவில்லை. தாளம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"என்னப்பா, பாடகர் தூங்கிட்டாரா?" என்றது ஒரு தவளை. கூட்டம் சிரித்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து செம்பி அடுத்த வரியை எடுத்துப் பாடியது. சுருதி பிசகவில்லை. தாளத்தில் கச்சிதமாக விழுந்தது. குழு அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டது.

செங்கண்ணனோ கண்ணைத் திறக்காமலே தலையசைத்தது. "ஆங், இப்பத்தான் கிணத்துக் குரல் கேட்குது!"

செம்பி பாட்டை முடித்ததும் கூட்டம் ஆரவாரம் செய்தது. செங்கண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு மரங்கொத்தியிடம் போனது.

"என்ன தம்பி, மேல்கிளைக்கு எப்போ வரலாம்?"

"செம்பி அண்ணி எப்போ கூப்பிடுறாங்களோ, அப்போ வாங்க அண்ணே! கிளை அவங்களுக்கு."

செங்கண்ணன் விறுவிறுவென்று கிணற்றுக்குப் போனது. உள்ளே குனிந்து கத்தியது: "நானா தப்புச் செய்தேன்?"

"தப்புச் செய்தேன்!" என்றது கிணறு.

பத்து நாளில் முதல்முறையாக, செங்கண்ணனுக்கு அந்தக் கிணற்றின் குரல் பிடிக்கவில்லை.

தன் குரலை மட்டுமே கேட்டு மகிழ்கிறவர், பலரோடு சேர்ந்து பாட வேண்டிய நாளில் தனியாக நிற்பார்.