கொண்டலாத்திக்குக் கிடைத்த பொந்து

நெல்லிச்சுனைக் குளத்தைச் சுற்றி ஏழு மருத மரங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பொந்துகள். குளம் வற்றாது. கோடையிலும் காற்று குளுகுளுவென்று வீசும். ஆண்டுதோறும் வெளியூர்ப் பறவைகள் அங்கே வரும். இரண்டு நாள் தங்கும், ஆசை தீரக் குளிக்கும், போய்விடும்.

இந்த ஆண்டு வந்த கொண்டலாத்திகள் மட்டும் போகவில்லை.

முட்டைமேல் உட்கார்ந்திருந்த செவந்தி என்ற மைனாவுக்கு அது முதல் நாளே உறுத்தியது. எதிர் மரத்துப் பொந்தில் ஒரு கொண்டலாத்தி குடியேறியிருந்தது. தலையில் விசிறி போன்ற கொண்டை, நீண்ட அலகு. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை மரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. டக் டக்! டக் டக் டக்! புழுவுக்காகத் தட்டவில்லை. தட்டும், தலையைச் சாய்த்துக் கேட்கும், தானாகச் சிரிக்கும், மறுபடியும் தட்டும்.

"என்ன செய்கிறாய்?" என்று கேட்டது செவந்தி.

"வேலை பார்க்கிறேன் அக்கா!"

"யாருக்கு?"

"வடக்கே, பனிமலைப் பறவைகளுக்கு!"

"பனிமலையில் வேலை என்றால் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறாய்?"

"எங்கிருந்தும் பார்க்கலாமே! எந்தப் பக்கம் மழை, எந்தப் பக்கம் வல்லூறு என்று தட்டிச் சொல்வேன். மலைமேல் இருக்கும் மரங்கொத்தி கேட்டு அடுத்த மரங்கொத்திக்குத் தட்டும். அப்படியே வடக்கே போய்ச் சேர்ந்துவிடும். இங்கே சத்தம் தெளிவாகப் போகிறது!"

செவந்தி நம்பவில்லை. வேலை என்றால் வியர்க்க வேண்டாமா? இவன் யாருக்கோ உளவு சொல்கிறான்!

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. அந்தப் பொந்தில் முன்பு ஓர் ஆந்தைக் குடும்பம் இருந்தது. "குன்றுக்கு அப்பால் போகிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குஞ்சுகளோடு கிளம்பிப் போனது. பிறகு கீழ்க்கிளைப் பொந்தில் இருந்த குக்குறுவான் பறவை போயிற்று. பிறகு கிளிகள். ஒவ்வொரு பொந்தும் காலியான மறுநாளே ஒரு கொண்டலாத்தி வந்து உட்கார்ந்தது.

'மிரட்டி விரட்டுகிறார்கள். இந்தத் தட்டல், இன்னும் ஆள் கூப்பிடும் தட்டல்தான்!' என்று செவந்தி முடிவுகட்டியது. இரை தேடப் போனாலும் அதன் ஒரு கண் எதிர்ப் பொந்தின்மேலேயே இருந்தது.

ஒரு நாள் காலையில் வாலாண்டி என்ற குரங்கு கிளை தாவி வந்தது. தோப்பில் யாருக்கு எந்த இடம் என்று சொல்வது அதுதான். வாயில் எதையோ அதக்கிக்கொண்டே பேசியது.

"செவந்தி, மூன்று நாளில் பொந்தைக் காலி செய்!"

"முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறேன் அண்ணே!"

"நான் என்ன செய்வேன்? கொண்டலாத்திகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். விடாவிட்டால் கூட்டமாக வந்து முட்டையை உடைப்பார்களாம். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்!"

 தான் நினைத்தது சரிதான் என்று செவந்திக்குத் தோன்றியது.

மறுநாள் உச்சிவெயிலில், எதிர் மரத்தின் அடியில் ஏதோ நெளிந்தது. சாரைப்பாம்பு! முன்பெல்லாம் பாம்பு மரத்தில் ஏறினால் குக்குறுவான் கத்தும், கிளிகள் கத்தும், தோப்பே அதிரும். இப்போது கத்த ஆளில்லை. கொண்டலாத்தி குனிந்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தது.

செவந்தி அலகை இறுக மூடிக்கொண்டது. 'போகட்டும். அவன் ஒழிந்தால் என் முட்டை பிழைக்கும்.'

பாம்பு முதல் கிளையைத் தாண்டியது. இரண்டாவது கிளையையும் தாண்டியது. டக் டக், டக் டக்...

"பாம்பு! பாம்பு! பறந்து போ!"

செவந்தி தன்னையறியாமல் அலறிவிட்டது. கொண்டலாத்தி விருட்டென்று எழும்பியது. பாம்பின் வாயில் ஒரு வால் இறகு மட்டுமே மிஞ்சியது.

கொண்டலாத்தி செவந்தியின் கிளைக்கு வந்தது. "உயிரைக் காப்பாற்றினீர்கள் அக்கா! இங்கே பாம்பு வரும் என்று யாரும் சொல்லவில்லையே!"

"சொல்கிறவர்களைத்தான் விரட்டிவிட்டீர்களே! இனி என் முட்டையையும் உடைக்கப் போகிறீர்களாம்!"

"நாங்களா? பொந்தெல்லாம் காலி என்றல்லவா வாலாண்டி சொன்னது! அதற்காகத் தினமும் மலையிலிருந்து அத்திப்பழம் பறித்துவந்து கொடுக்கிறோம்!"

குரங்கு வாயில் அதக்கியது என்னவென்று செவந்திக்கு இப்போது புரிந்தது. ஆனாலும் அது விடவில்லை.

"காலியா? பொந்துக்குள் ஆந்தைக் குஞ்சுகளின் இறகு கிடக்கவில்லையா?"

கொண்டலாத்தியின் கொண்டை தாழ்ந்தது. "கிடந்தது. மெத்தென்று இருந்தது. பரப்பிப் படுத்துக்கொண்டேன்."

"யாருடையது என்று கேட்டாயா?"

"கேட்கவில்லை அக்கா."

அன்று மாலையே கொண்டலாத்திகளும் செவந்தியும் வாலாண்டியைச் சூழ்ந்துகொண்டன.

"பழம் கொடுத்தது நீங்கள்! இடத்தை விட்டது அவர்கள்! நடுவில் நான் என்ன தப்புச் செய்தேன்?" என்று குரங்கு சீறியது.  மறுநாளிலிருந்து அதற்குப் பழம் வரவில்லை. இரண்டே நாளில் அது வேறு தோப்பு பார்த்துப் போய்விட்டது. அங்கேயும் எந்தப் பொந்து காலியாகும் என்று விசாரிக்கிறதாம்.

கொண்டலாத்திகள் பொந்துகளை விட்டுக் குளக்கரையின் பழைய கற்சுவர் இடுக்குகளுக்கு மாறின. சில வடக்கே திரும்பின. குக்குறுவானும் கிளிகளும் திரும்பி வந்தன. செவந்தியின் முட்டைகள் பொரிந்தன. ஆனாலும் சுவர்ப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டால் அது இன்றும் கழுத்தை நீட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.

ஆந்தை மட்டும் வரவில்லை. கொண்டலாத்தியே குன்றைத் தாண்டிப் போய் மன்னிப்புக் கேட்டது. "என் குஞ்சுகள் இங்கேதான் பறக்கப் பழகின. அந்தப் பொந்தை அவை மறந்துவிட்டன. இனி நாங்கள் எதற்கு வர வேண்டும்?" என்று சொல்லி ஆந்தை கண்ணை மூடிக்கொண்டது.

அடுத்தவர் ஊரில் தங்க இடம் தேடுகிறவர், நேற்றுவரை அங்கே யார் இருந்தார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.