மை பூசாத ஏடு

முன்னொரு காலத்தில், தம் மீசையில் அளவற்ற நம்பிக்கை வைத்திருந்த மன்னர் ஒருவர் ஒரு நாட்டை ஆண்டார். அந்த மீசையைப் பற்றிப் பதினாறு வரியில் ஒரு பாட்டும் எழுதினார். எவனோ அதைப் படி எடுத்துப் போய், சந்தையில் ஆட்டுத் தாடியைக் காட்டிப் பாடிவிட்டான்.

மன்னர் கொதித்தார். "எழுதியவர் இசைவின்றி இனி எந்த நூலையும் எவரும் படி எடுக்கக் கூடாது. எடுத்தவன் கட்டைவிரலை இழப்பான்!"

எது நூல் என்று வரையறுக்கும் பொறுப்பை ஏட்டறை அதிகாரி மாந்தரனார் ஏற்றார். ஓலையில் எழுத்தாணியால் கீறியது கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தால்தான் எழுத்து துலங்கும். அப்படிப் பூசுவது மாந்தரனாருக்குப் பூசை செய்வதுபோல. ஆகவே ஆணையின் கீழ் இப்படிச் சேர்த்தார்: "மை பூசிக் கண்ணால் படிக்க நிற்பதே நூல். பூசாதது வெறும் ஓலை. பூசும் உரிமை எனக்கு மட்டுமே." அவருடைய உள்ளங்கைகள் எப்போதும் கரிச்சட்டிபோல் இருக்கும். அவற்றை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே நடப்பார்.

ஒரு நாள் காலையில் செம்பாயி என்ற மருத்துவச்சி ஏட்டறைக்கு வந்தாள். பன்னிரண்டு வயதில் அம்மை அவள் பார்வையைக் கொண்டுபோனது. அதற்குள் மணலில் விரலால் எழுதி எழுத்தைப் பழகியிருந்தாள்.

"ஐயா, கடல் தாண்டி வந்த பேறுகால நூல் ஒண்ணு இங்க இருக்காமே. எனக்கு ஒரு படி வேணும். போன மாசம் ஒரு பிள்ளை குறுக்கே நின்னுடுச்சு. தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு. இப்ப கொல்லர் தெருவுல ஒருத்திக்கு அதே மாதிரி நிக்குது. நாள் நெருங்குது."

"எழுதிய மருத்துவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். அவர் இசைவு வந்து சேர ஓராண்டு ஆகும். அதுவரை இங்கே வந்து யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்."

"நூறு ஓலையை ஒரு தடவை கேட்டா மனசுல நிக்குமா? வலி எடுத்த நேரத்துல சந்தேகம் வந்தா, நீங்க பேறுகால அறைக்குள்ள வந்து வாசிப்பீங்களா சாமி?"

மாந்தரனாருக்குக் காது சிவந்தது. ஆண்கள் நுழையாத அந்த அறையைப் பற்றி அவரிடம் எவரும் பேசியதில்லை. அவர் கத்திக்கொண்டிருக்கையில், மேசை மேல் மை பூசாமல் கிடந்த ஓலையில் செம்பாயியின் விரல் தற்செயலாகப் பட்டது. அவள் உதடுகள் அசைந்தன. "மன்னவன் மீசையே மலைக்கு நிகர்..."

மூலையில் அமர்ந்திருந்த அரசவை விகடன் வேம்பன் மட்டுமே அதைக் கவனித்தான். வேம்பனிடம் ஒன்று கேட்டால், பதில் வருவதற்குள் வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். அவனுடைய மௌனத்தைக்கூட மன்னர் ரசித்தார். அதுதான் மாந்தரனாருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் முதல் வேம்பன் ஏட்டறையில் உட்கார்ந்து, எழுத்தாணியை ஆழ அழுத்திக் கீறிக்கொண்டிருந்தான். பத்தாம் நாள் மாந்தரனார் அவனை ஓலைக் கட்டோடு பிடித்து அவைக்கு இழுத்து வந்தார்.

"மன்னர் மன்னா! தங்கள் அருமை விகடன், பேறுகால நூலைப் படி எடுத்த திருடன்!"

மன்னர் ஓர் ஓலையை உயர்த்திப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். "இதில் ஒன்றும் இல்லையே."

"மை பூசினால் தெரியும் அரசே!"

வேம்பன் மைக்கிண்ணத்தை எடுத்து மாந்தரனார் முன் வைத்தான். "பூசுங்கள் ஐயா. அந்த உரிமை தங்களுக்கு மட்டுமே. பூசாதவரை இது வெறும் ஓலை. பூசிய கணத்தில் நூல். அதை நூலாக்கியவர் கட்டைவிரலை மன்னர் கவனித்துக்கொள்வார்."

மாந்தரனார் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"கண்ணுக்குத் தெரியாத எழுத்தை எவர் படிப்பார், வேம்பா?" என்றார் மன்னர்.

வேம்பன் வாசலில் காத்திருந்த செம்பாயியை அழைத்தான். அவள் ஓலையை மடியில் வைத்து விரலை ஓட்டினாள். "தாயின் கையைப் பற்றிப் பேசிக்கொண்டே இரு. வேலை தெரியாமல் சத்தம் போடுகிறவரை அறையை விட்டு அனுப்பு."

அவையினர் அனைவரும் மாந்தரனாரைப் பார்த்தார்கள். அவள் படித்ததை மூல ஏட்டோடு ஒப்பிட்டார்கள். ஓர் எழுத்து பிசகவில்லை.

மன்னர் நெற்றியைச் சுருக்கினார். "ஆனால் எழுதியவருக்கு இழப்பு அல்லவா? நான் பட்டவன், வேம்பா."

"கண் உள்ள எவராலும் இதைப் படிக்க இயலாது மன்னா. படிக்க விரும்புபவர் அந்த மருத்துவரின் ஏட்டைத்தான் நாட வேண்டும். இவளோ அந்த ஏட்டை ஒருநாளும் படித்திருக்க முடியாது. அவர் வாசகர் ஒருவரையும் இழக்கவில்லை. ஒருவரைப் பெற்றிருக்கிறார்."

மன்னர் யோசித்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பெண்ணே, என் மீசைப் பாட்டை இப்படிக் கீறித் தந்தால் படிப்பாயா?"

"ரெண்டு வரி ஏற்கெனவே படிச்சாச்சு சாமி. மிச்சத்தைப் பிள்ளை பொறந்தப்புறம் நேரம் இருந்தா பாப்போம்."

மன்னர் மீசை துள்ளச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பனுக்குப் போட்டார். "இன்னும் கேள்!"

வேம்பன் மௌனமானான். அவையில் இருவர் வெற்றிலை போட்டு முடித்தார்கள்.

"அக்கரை நாடுகளிலும் பார்வையற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கீறப்படும் மை பூசாத ஓலையை, இசைவுக்குக் காத்திராமல் படி எடுக்கவும், அது எந்த எல்லைக் காவலும் தடுக்காமல் போகவரவும் ஆணை வேண்டும்."

மன்னர் அக்கணமே முத்திரை இட்டார். அக்கரை அரசர்களுக்கும் அவ்வாறே செய்யும்படி ஓலை போனது. எல்லை தாண்டும் கட்டுகளில் மை படாமல் பார்க்கும் பொறுப்பு மாந்தரனாருக்கு வந்தது. அதற்காக அவர் நாள்தோறும் சீயக்காய் போட்டுக் கைகழுவ வேண்டியிருந்தது. அவர் கை சிவப்பு நிறம் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

மறுமாதம் கொல்லர் தெருவில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் நலம். செய்தி சொல்ல வந்த வேம்பனிடம் மன்னர், "பாட்டைப் படித்தாளா?" என்றார்.

வேம்பன் வழக்கத்தைவிட நெடுநேரம் மௌனமாக இருந்தான்.

"அடுத்த தெருவில் இரட்டைப் பிள்ளையாம் மன்னா."

மன்னர் மறுபடியும் சிரித்தார்.